பின் தையலில் இரண்டு இஞ்சு

இப்போதெல்லாம் ஜனங்கள் சாப்பிடுகிற நேரத்தைவிடச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற நேரம்தான் அதிகம். எங்கள் தையல் கூடத்தில் மத்தியானம் பன்னிரண்டரைக்கு மிஷின்கள் நின்றதும் ஒன்பது பெண்கள் ஒன்பது டப்பாவைத் திறப்பார்கள். முன்பெல்லாம் அடுத்தவள் என்ன குழம்பு வைத்திருக்கிறாள் என்று எட்டிப் பார்ப்பார்கள். இப்போது அதில் எத்தனை கலோரி என்று விசாரிக்கிறார்கள். ஒருத்தி சோற்றைத் தொடமாட்டாள். ஒருத்தி ஆறு மணிக்கு மேல் வாயைக் கட்டிவிடுவாள். இன்னொருத்தி வெறும் வெள்ளரிக்காயைக் கடித்தபடி பக்கத்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் "ஒரே ஒரு வாய்" என்று ஆரம்பித்துப் பாதியைக் காலி செய்வாள். நாள் முழுக்க வயிற்றையே நினைத்துக்கொண்டிருந்தால் வயிறு எப்படிக் குறையும் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால், "உங்களுக்கு உடம்பே இல்ல மாஸ்டர், அதான் பேசுறீங்க" என்பார்கள்.

நான் அங்கே கட்டிங் மாஸ்டர். நாலாம் வகுப்போடு நின்றவன். கம்பெனிக்காரர்களுக்குச் சீருடை வெட்டிக் கொடுப்பது என் வேலை, தைப்பது பெண்கள் வேலை. பேர்கள் என் வாயில் நிற்பதில்லை. மிஷின் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். இது மூன்றாவது மிஷின்காரியின் வீட்டு விஷயம். "மூணு" என்றால் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் புருஷன் கிரேன் ஓட்டுகிறவன். கட்டடம் கட்டுகிற இடத்தில் நாற்பது மாடி உயரத்துக்கு நிற்குமே, அந்த கிரேன். கம்பி ஏணியில் ஏறி, உச்சியில் குருவிக்கூண்டு மாதிரி இருக்கிற அறைக்குள் போய் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவான். சாப்பாடு மேலேதான், தண்ணீர் மேலேதான். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஒரே நாற்காலி. கையில் இரண்டு குச்சி. அதைத் தள்ளினால் கீழே இரும்பு நகரும். இவன் உடம்பு நகராது. பதினைந்து வருஷம் அப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும். நூற்றுப் பத்து கிலோ ஆனான்.

அவன் கம்பெனி சீருடையையும் நாங்கள்தான் தைக்கிறோம். கருநீல கால்சட்டை, அவனுக்கு இடுப்பு நாற்பத்து நாலு. ஆண்களுக்கு வெட்டும்போது பின்பக்கத் தையலுக்குள் இரண்டு இஞ்சு துணியை மிச்சமாக மடித்து விடுவது என் பழக்கம். யாரும் இளைக்கப் போவதில்லை, பெருக்கத்தான் போகிறார்கள். அப்போது பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

இப்படி இருக்கையில் கம்பெனி ஒரு காகிதத்தை நீட்டியது. ஏணியில் ஏறும்போது மாட்டுகிற பாதுகாப்பு பெல்ட் நூறு கிலோவுக்கு மேல் தாங்கும் என்று எழுத்தில் இல்லையாம். மூன்று மாதத்துக்குள் நூறுக்குக் கீழே வராதவன் மேலே ஏறக்கூடாது. பதினைந்து வருஷம் ஏறினபோது அந்த பெல்ட்டுக்கு நம்பர் தெரியவில்லை போலிருக்கிறது.

அவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று ஒரு டப்பா பவுடர் வாங்கினான். தண்ணீரில் கலக்கி மூன்று வேளை குடிக்கவேண்டும், வேறெதுவும் கூடாது. ஒன்பது நாள் குடித்தான். பத்தாம் நாள் காலையில் ஏணியில் பாதி ஏறினவனுக்குக் கண் இருட்டிவிட்டது. கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நடுவானத்தில் நின்றிருக்கிறான். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இரண்டு பேர் ஏறிப் போய், இடுப்பில் கயிறு கட்டி, ஒவ்வொரு படியாகக் காலை எடுத்து வைத்து இறக்கினார்கள். மூணு இதை எனக்குச் சொன்னபோது அவள் கை மிஷின் சக்கரத்தை விடவே இல்லை. தையல் ஓடவும் இல்லை.

அதற்குப் பிறகு கம்பெனி கிளினிக்கில் சாப்பாட்டுக்கு வழி சொல்கிற ஒரு அம்மாவிடம் இரண்டு பேரும் போனார்கள். மறுநாள் மத்தியானம் கூடமே மூணைச் சுற்றி உட்கார்ந்தது.

"பவுடரைக் குப்பையில போடச் சொன்னாங்க. பட்டினியே கூடாதாம். தட்டுல பாதி காயும் கீரையும். கால்வாசி சோறு. கால்வாசி பருப்பு, முட்டை, இல்லன்னா மீன். டீயில சர்க்கரை வேணாம்னாங்க."

"டீயில சர்க்கரை இல்லன்னா அது கஷாயம்டி," என்றாள் ஐந்தாவது மிஷின்.

"பழகிடுமாம். பொரிச்சது வாரம் ஒரு நாள் போதுமாம். மேல போறப்ப ஒரு பழம், ஒரு பிடி கடலை எடுத்துட்டுப் போகணும். சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கணும்."

"எவ்வளவு குறையும்னு சொன்னாங்க?"

"வாரத்துக்கு அரை கிலோ. மிஞ்சிப் போனா முக்கால்."

ஐந்தாவது மிஷின் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "இந்த வேகத்துல போனா உன் வீட்டுக்காரரு ரிட்டையர் ஆகுற அன்னைக்கு நூறுக்கு வந்துடுவாரு."

எல்லாரும் சிரித்தார்கள். மூணு சிரிக்கவில்லை. "தினமும் எடை மிஷின்ல ஏறிப் பார்க்காதீங்கன்னாங்க. தண்ணி குடிச்சா ஏறும், வேர்த்தா இறங்கும், மனசு கெட்டுப் போகும். மாசம் ஒருதரம் என்கிட்ட வாங்க, நடுவுல இடுப்புத் துணி தளர்றதைப் பாருங்க, அதுவே போதும்னாங்க."

நான் வெட்டுப் பலகையில் இருந்தபடி கேட்டேன்: "பாதித் தட்டு கீரையைத் தின்னுட்டு நாப்பது மாடி ஏறுறவனை நீ பார்த்திருக்கியா?"

"பவுடரைக் குடிச்சிட்டு ஏறுனவரைப் பார்த்துட்டேன் மாஸ்டர்," என்றாள். நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டேன்.

அவள் விடியற்காலையில் எழுந்து காய் நறுக்குவாள். பீன்ஸ், முட்டைக்கோஸ், பூசணி, கீரை. அவனுக்குக் கீரை வாடை ஆகாது; பருப்போடு கடைந்து பச்சை தெரியாமல் செய்வாள். எண்ணெயைக் கரண்டியில் அளந்து ஊற்றுவாள். அவளும் அதையேதான் சாப்பிட்டாள். ஒரு மாதத்தில் அவள் தாடை எலும்பு தெரிந்தது. அவளுக்குக் குறைக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் முதலில் இளைத்தது அவள்தான்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, ஒரு நாள் மத்தியானம் எல்லாரும் கை கழுவப் போயிருந்தார்கள். இவள் மட்டும் மிஷினில் குனிந்துகொண்டிருந்தாள். கூடத்தில் சொந்த வேலை கூடாது என்பது என் சட்டம். பின்னால் போய் நின்றேன். கருநீல கால்சட்டையின் பின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் மிச்சம் விட்ட இரண்டு இஞ்சில் ஏற்கெனவே ஒரு இஞ்சு வெளியே வந்திருந்தது. துவைத்துத் துவைத்து வெளுத்த துணிக்கு நடுவே, உள்ளே கிடந்த துணி புதுசு மாதிரி கருநீலமாய்க் கோடு போட்டிருந்தது. பழைய ஊசித் துளைகள் எறும்பு வரிசை மாதிரி தெரிந்தன.

"பெருத்துட்டானா?" என்றேன்.

அவள் திடுக்கிட்டாள். அப்புறம் துணியை மடியில் போட்டு மூடினாள். "இல்ல மாஸ்டர். கொஞ்சம் குறைஞ்சுதான் இருக்காரு."

"இளைச்சவனுக்கு எதுக்கு விட்டுத் தைக்கிற?"

அவள் வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. "மூணு வாரம் அந்தச் சாப்பாடு சாப்பிட்டாரு. ஒண்ணும் தெரியலைன்னாரு. 'இதெல்லாம் ஆடு தின்கிற தீனி, என்னால ஆகாது'ன்னாரு. அன்னைக்குச் சாயங்காலம் அலமாரியில பார்த்தா, புதுசா ஒரு டப்பா பவுடர். மறுபடியும் வாங்கிட்டு வந்துட்டாரு. எனக்குக் கை கால் ஓடலை. அவரு நடக்கப் போன நேரத்துல அரை இஞ்சு பிரிச்சு விட்டேன். மறுநாள் காலையில பெல்ட்டை இன்னொரு துளை இறுக்கினாரு. ஒண்ணும் பேசலை. ஆனா அந்த டப்பாவை அவரே தூக்கிப் போட்டாரு மாஸ்டர். ஒரு வாய் மிச்சம் வைக்காம கீரையைச் சாப்பிட்டாரு."

"அதோட நிறுத்த வேண்டியதுதானே."

"நிறுத்தினா தளரலையேன்னு கேட்பாரு. வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா விடுறேன். நிஜமாவும் குறையுது, அதோட சேர்த்துத்தான்."

"எத்தனை கால்சட்டை?"

"நாலு. வீட்ல போடுறதையும் சேர்த்து."

"கிளினிக்குக்கு மாசம் ஒருதரம் போகச் சொன்னாங்களே?"

"போகலை," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "துணியே சொல்லுது, மிஷின் எதுக்குன்னாரு. நானும் வற்புறுத்தலை. எப்படி வற்புறுத்துவேன்?"

நான் அப்போதே ஒன்று செய்திருக்கவேண்டும். இதெல்லாம் கூடாது, இன்றைக்கே போய்ச் சொல்லிவிடு என்று சொல்லியிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், அவள் மடியிலிருந்து கால்சட்டையை வாங்கிப் பார்த்தேன். அவள் அவசரத்தில் தைத்த தையல் நெளிந்து போயிருந்தது. கருநீலக் கோடு ஊருக்கே தெரிந்தது. இந்த லட்சணத்தில் என் கூடத்திலிருந்து ஒரு கால்சட்டை வெளியே போவதா என்று எனக்குக் கோபம் வந்தது. இருபது வயதிலிருந்து இந்தக் கோபம் எனக்கு உண்டு. மற்ற எதையும் யோசிக்க விடாது.

"எழுந்திரு," என்றேன். அவள் மிஷினில் நானே உட்கார்ந்தேன். தையலை நேராக்கினேன். ஈரத்துணி போட்டுத் தேய்த்து ஊசித் துளைகளை மூடினேன். பின்பக்கம் பெல்ட் நுழைகிற வளையத்தைப் பிரித்து, அதைவிட இரண்டு மடங்கு அகலமாய் ஒன்று வெட்டி, இடுப்புப் பட்டியில் தெரிகிற கோட்டின் மேல் வைத்துத் தைத்தேன். கீழே இருக்கிற கோடு சட்டை தொங்குவதில் மறைந்துவிடும். "மீதி மூணையும் நாளைக்கு எடுத்துட்டு வா," என்றேன்.

பத்து நாள் கழித்து அவன் கூடத்து வாசலுக்கே வந்தான். காற்று அதிகம் என்று அன்றைக்கு கிரேனை நிறுத்திவிட்டார்களாம். முகம் நன்றாக இருந்தது. இடுப்புப் பட்டிக்குள் கையை முட்டியாக மடக்கி உள்ளே விட்டுக் காட்டினான்.

"பாருங்க மாஸ்டர். நீங்க வெட்டுனது. இப்ப ஒரு ஆளே உள்ள வரலாம்."

"நல்லது தம்பி."

"வாங்க, டீ வாங்கித் தரேன். சர்க்கரை இல்லாம குடிக்கிறவன் வாங்கித் தர்றது, குடிச்சுப் பாருங்க."

எதிரே இருந்த கடையில் நின்றோம். அவன் சர்க்கரை இல்லாமல்தான் வாங்கினான். கூடவே எண்ணெயில் பொரித்தது நாலு எடுத்து காகிதத்தில் வைத்துக்கொண்டான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இவ்வளவு குறைச்சாச்சு. இது என்ன செஞ்சிடப் போகுது. சாயங்காலம் மட்டும்தான் மாஸ்டர், வீட்ல சொல்லிடாதீங்க."

"தினமுமா?"

"நாள் விட்டு நாள்னு வெச்சுக்கங்களேன்."

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். அவன் வீட்டில் சொல்லாதே என்கிறான். அவள் அவனிடம் சொல்லாதே என்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு பெட்டி மாதிரி மூடிக்கொண்டு நின்றேன். கட்டிங் மாஸ்டருக்கு இது எதற்கு என்று அன்றைக்கே ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று மூணு வேலைக்கு வந்தாள். காலை முழுக்க வாசலைப் பார்த்தபடி தைத்தாள். பத்து சட்டைக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டு மறுபடி பிரித்தாள். மத்தியானம் யாருக்கோ போன் வந்தது, அவளுக்கில்லை. அடுத்த மூன்று நாள் அவள் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தபோது மிஷினுக்குப் போகாமல் நேராக என் பலகைக்கு வந்தாள்.

"நூத்து நாலு," என்றாள்.

நான் வெட்டுவதை நிறுத்தினேன்.

"அவரு தொண்ணூத்தி அஞ்சுன்னு நினைச்சுட்டுப் போனாரு. மிஷின் தப்புன்னு சண்டை போட்டாரு. வேற மிஷின் கொண்டு வந்தாங்க. அதுவும் நூத்து நாலு. கீழே நின்னு கொடி காட்டுற வேலை கொடுத்திருக்காங்க. ஆறு வாரம் பார்ப்பாங்களாம். அதுக்குள்ள நூறுக்கு வரலைன்னா அந்த இடத்துக்கு வேற ஆளு, நிரந்தரமா."

"தெரிஞ்சுடுச்சா?"

"துணியை அவுத்துட்டுத்தானே எடை மிஷின்ல நிறுத்தினாங்க. இறங்கி வந்து கால்சட்டையை எடுத்தவரு அப்படியே திருப்பிப் பார்த்தாராம். தினமும் இரும்புக் கயித்தை இழை இழையாத் தடவிப் பார்த்துட்டுத்தானே ஏறுவாரு. அந்தக் கண்ணு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "வீட்ல ஒரு வார்த்தை பேசலை. நாலு நாளா ஒரு பருக்கை சாப்பிடலை மாஸ்டர். வெறும் தண்ணி, கறுப்பு டீ. வெயில்ல போய் கொடி காட்டுறாரு. ஆறு வாரமும் இப்படியே இருந்துட்டு அந்த ஏணியில ஏறுவாரு. பாதியில கண்ணு இருட்டும். இந்தத் தடவை பிடிச்சுக்க கையில பலம் இருக்காது." பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஞாயித்துக்கிழமை வந்து பேசுங்க."

"நான் என்ன பேசுறது? எனக்கே அந்தக் கீரையில நம்பிக்கை இல்லை."

"கீரையைப் பத்திப் பேச வேணாம். சாப்பிடச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை. ஜன்னல் வழியே, தெருக்களுக்கு அப்பால், அந்த கிரேனின் மேல்பாதி தெரிந்தது. லீவு நாள், அசையாமல் நின்றது. அவன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கன்னம் உள்ளே போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. மேஜை மேல் அந்த நாலு கால்சட்டையும் மடித்து அடுக்கியிருந்தது. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது, பருப்பு வாசனை.

"உக்காருங்க மாஸ்டர்," என்றான். மரியாதைக்குக் குறைவில்லை. மேலே இருந்த கால்சட்டையை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பி என் மடியில் வைத்தான். "இந்த வளையம் யார் வெச்சது?"

மூணு அடுப்படியிலிருந்து வேகமாக வந்தாள். "நான்தான்ங்க. நான் சொன்னேனே."

"உன்னைக் கேட்கலை. பதினெட்டு வருஷமா உன் தையலைத்தான் போடுறேன். உன் தையல் முனையில ஒரு முடிச்சு இருக்கும். உறுத்தும். இதுல முடிச்சு இல்ல. இது வேற கை."

என்னால் பொய் சொல்ல முடியும். ஆனால் என் தையலை இன்னொருத்தர் தைத்தது என்று சொல்ல வாய் வராது. "நான் வெச்சது," என்றேன்.

"நாலுலயும்?"

"நாலுலயும்."

"அன்னைக்குக் கடையில நின்னு டீ குடிச்சீங்களே. நான் கையை உள்ள விட்டுக் காட்டினேனே."

"ஆமா."

"உள்ளுக்குள்ள சிரிச்சீங்களா?"

"எனக்குச் சிரிப்பு வரலை தம்பி. டீயும் இறங்கலை."

அவன் தலையை ஆட்டினான், நம்பின மாதிரி இல்லை. "ஆளுங்க எல்லார்கிட்டயும் காட்டியிருக்கேன். லோடு கட்டுறவன், வாட்ச்மேன், எல்லார்கிட்டயும். இப்ப கீழ நின்னு கொடி காட்டுறப்ப ஒருத்தன் வந்து என் இடுப்புக்குள்ள கையை விட்டுப் பார்க்கிறான். 'இன்னும் எவ்வளவு இடம் இருக்கு அண்ணே'ங்குறான்."

மூணு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏணியில நின்னீங்களே. அதை நான் நேர்ல பார்க்கலை, கேட்டேன். கேட்டதுலயே செத்துட்டேன். மறுபடியும் அந்த டப்பாவைப் பார்த்தப்ப நான் என்ன செஞ்சிருக்கணும், சொல்லுங்க."

"சொல்லியிருக்கணும். வேணாம்னு சொல்லியிருக்கணும்."

"சொன்னேன். 'உனக்கு என்ன தெரியும்'னீங்க."

"அதுக்காக ஏமாத்துவியா?"

"எனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? அந்தம்மாதான் சொன்னாங்க. நீங்களும் கூடத்தானே உக்காந்திருந்தீங்க. பெரிய தட்டை உள்ள வைங்க, சின்னத் தட்டுல போடுங்க, அப்பத்தான் நிறைஞ்ச மாதிரி இருக்கும், கண்ணு ஏமாந்தா வயிறும் ஏமாறும்னு சொன்னாங்களே. அன்னைக்கே அந்தச் சின்னத் தட்டை வாங்கினோமே. நீங்களே பொறுக்கி எடுத்தீங்க. கண்ணை ஏமாத்தலாம், இடுப்பை ஏமாத்தக்கூடாதுன்னு அவங்க சொல்லலை."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"சின்னத் தட்டுன்னு எனக்குத் தெரியும்," என்றான் அவன். "தெரிஞ்சு சாப்பிட்டேன். இது எனக்குத் தெரியாது." பிறகு என்னைப் பார்த்தான். "டேப் வெச்சிருக்கீங்களா?"

என் கழுத்தில் டேப் இல்லாத நாள் கிடையாது. எழுந்து நின்றான். பனியனைத் தூக்கினான். நான் சுற்றிப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நாற்பத்து இரண்டுக்கு ஒரு கோடு மேலே.

"நாப்பத்தி ரெண்டு, ஒரு கால் வெச்சுக்க. ஒன்றே முக்கால் இஞ்சு நிஜமாவே போயிருக்கு தம்பி. ஆறு நாள் பட்டினியில ஏதோ கொஞ்சம் போயிருக்கும், மீதி சாப்பிட்டுப் போனதுதான். பொரிச்சதைத் தின்னாம இருந்தா இன்னும் போயிருக்கும்."

"பொரிச்சதா?" என்றாள் மூணு, நிமிர்ந்து.

அவன் அவளைப் பார்க்கவில்லை. டேப்பை என் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், முனையிலிருந்து இஞ்சு இஞ்சாகப் பார்த்தான். ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று தேடுகிறான் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஐம்பது வருஷம் துணி வெட்டுகிறேன். என் டேப்பை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் காது சூடானது.

"இதுவும் எனக்குத் தெரியாது," என்று திருப்பிக் கொடுத்தான். "குறைஞ்சிருக்குன்னு நீங்க சொன்னா, குறைஞ்சிருக்கலாம். குறையாமலும் இருக்கலாம். நீங்க ரெண்டு பேரும் சொல்றதை வெச்சு நான் இனிமே எதுவும் செய்ய முடியாது."

"அப்ப கிளினிக் மிஷினை வெச்சு செய்," என்றேன். "அது நூத்து நாலுன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்லுச்சு இல்ல. உனக்குப் பிடிக்காததைச் சொன்ன ஒரே ஆளு அதுதான். பட்டினி கிடந்து ஏணியில ஏறுறது உன் இஷ்டம். ஆனா மேல குச்சியைப் பிடிச்சிருக்கிறப்ப கண்ணு இருட்டினா நீ மட்டும் விழமாட்ட. கொக்கியில தொங்குற இரும்பும் விழும். கீழ கொடி காட்டுறவன் மேல விழும். அஞ்சு நாளா அங்கதான் நிக்கிற. அண்ணாந்து பார்த்தியா?"

இத்தனை நேரம் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவன் இப்போது திரும்பி ஜன்னலைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மூணு என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு அவன் நேராக அடுப்படிக்குப் போனான். எழுந்த அவளைக் கையை நீட்டி நிறுத்தினான். அலமாரியின் மேல் தட்டில் துணி சுற்றி வைத்திருந்த பழைய பெரிய தட்டை எடுத்தான். அகலமான எவர்சில்வர் தட்டு. முன்பெல்லாம் அதில்தான் சாப்பிட்டிருப்பான். கழுவினான். சின்னத் தட்டில் என்ன போடுவாளோ அதே அளவுக்குத் தானே போட்டுக்கொண்டான். இரண்டு கரண்டி காய், ஒரு பிடி சோறு, கொஞ்சம் பருப்பு, ஒரு முட்டை. அந்த அகலத்தில் அது ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. சாப்பிட்டு முடித்தவன் தட்டில் மிச்சம் இருப்பது மாதிரிதான் இருந்தது.

மேஜையில் வைத்து உட்கார்ந்தான். "இவ்வளவுதானா நான் சாப்பிடுறது," என்றான், யாரிடமும் இல்லை.

"அவ்வளவுதாங்க," என்றாள் அவள்.

"இனிமே இதுலதான். எவ்வளவோ அவ்வளவு தெரியட்டும்." ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றான். ஆறு நாள் காய்ந்த வாய், விழுங்கக் கஷ்டப்பட்டது. "வாராவாரம் நானே போய் ஏறிப் பார்த்துக்குறேன். என்ன காட்டுச்சுன்னு என்னைக் கேட்காத. நான் சொல்லமாட்டேன்."

"கேட்கமாட்டேன்."

"சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நிக்காத."

அவள் நகர்ந்து சுவரோரம் போனாள். அங்கிருந்தும் அவன் கையைத்தான் பார்த்தாள். அவன் ஒவ்வொரு வாய்க்கும் தட்டின் வெற்று இடத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டான். பாதியில் நிறுத்தி, காயை விரலால் கிளறினான், அடியில் ஏதாவது இருக்கிறதா என்பது மாதிரி. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்தேன். "வரேன் தம்பி," என்றேன். தலையை ஆட்டினான். கால்சட்டைகளை எடுத்துப் போகச் சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மூணு படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சாப்பிட்டாரு, பார்த்தீங்கல்ல மாஸ்டர்."

"ஒரு வேளை சாப்பிட்டான். அதைத்தான் பார்த்தேன்."

"இனிமே சரியாயிடும். ஆறு வாரம் இருக்கு. வாரத்துக்கு முக்கால் கிலோன்னா நாலரை ஆகுது. அந்தம்மா சொன்ன கணக்குதான்."

"அந்தம்மா சொன்னாங்க, சரி."

"நம்பலையா நீங்க?"

"உள்ள போ. தனியா விடாத."

"பக்கத்துல நிக்காதன்னாரே."

"கதவுக்கு அந்தப் பக்கம் நில்லு."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தெருவில் வெயில் சாய்ந்திருந்தது. எதிர்க் கடையில் எண்ணெய்ச் சட்டியை அப்போதுதான் அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர் அதற்கே காத்துக்கொண்டு நின்றார்கள். வாரத்துக்கு முக்கால் கிலோவாம். சின்னத் தட்டிலும் எனக்கு நம்பிக்கை இல்லை, பெரிய தட்டிலும் இல்லை. ஒரு வாரம் போய் ஏறிப் பார்ப்பான். இரண்டாவது வாரம் பார்ப்பான். மூன்றாவது வாரம் காட்டுகிறது பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வான் என்று அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.